சாம்பலில் காய்த்த சொடக்குத் தக்காளி

என் மகள் நான்காவது மாத வயிற்றோடு ஒரு மடக்குத் தண்ணீரைக்கூட உள்ளே நிறுத்த முடியாமல் கிடந்த அந்த மார்கழியில், நான் பனிநாட்டுக் காடுகளில் விளையும் பழங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னபிறகு என்னைப் பற்றி வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு கெட்டால் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் டாக்டரை மாற்றுவார்கள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயரை அச்சில் போட மாட்டார்கள்.

புத்தகம் நடைபாதைக் கடையில் வாங்கியது. ஊசியிலை மரங்களுக்கு அடியில், பாசிமேல், நீலமும் சிவப்புமாகக் கொத்துக்கொத்தாகப் பழங்கள். எதைத் தின்னலாம், எதைத் தின்றால் ஆளே காலி என்று படத்தோடு போட்டிருந்தது. பழத்தை மட்டும் பார்க்காதே, இலையைப் பார், காம்பைப் பார், தனியாகத் தொங்குகிறதா கொத்தாகவா என்று பார் என்றெல்லாம் உபதேசம். சாலையை விட்டுத் தள்ளி வந்து பறிக்க வேண்டுமாம். அதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு சாலையை விட்டுத் தள்ளி வந்தால் இன்னொரு சாலையில் கண்டெய்னர் லாரி முன்னால் நிற்போம்.

வீடு திருவொற்றியூரில். மூக்குள்ளவர்கள் வாழத் தோதான ஊர் என்று சொல்ல முடியாது. காற்று ஒரு பக்கமிருந்து வந்தால் கருவாடு, இன்னொரு பக்கமிருந்து வந்தால் அழுகிய முட்டை, வேறொரு பக்கமிருந்து வந்தால் சூடான தார். நல்ல நாளிலேயே இப்படி. மசக்கைக்காரிக்குக் கேட்க வேண்டுமா? பூண்டு ஆகவில்லை, சோப்பு ஆகவில்லை, குக்கர் விசில் ஆகவில்லை. விசிலுக்கு ஏது வாசனை என்று நான் கேட்டதற்கு, அவள் வாளியை நோக்கிக் குனிந்தாள்.

முதலில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். எல்லாருக்கும் வருவதுதான் என்றாள் என் மனைவி. குவைத்தில் வேலையிலிருக்கும் மாப்பிள்ளை வீடியோவில் வந்து, இஞ்சி கொடுங்கள் என்று யோசனை சொன்னார். அப்புறம் ஒருநாள் மகள் கையை உயர்த்தி முடியை ஒதுக்கினாள். வளையல்கள் அத்தனையும் முழங்கைக்குப் போய் விழுந்தன. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்தோம். மறுபடி ஏற்றினார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திங்கட்கிழமை எடை பார்ப்போம், இதற்குமேல் இறங்கியிருந்தால் படுக்கையில் சேர்த்துவிட வேண்டியதுதான், குழந்தைக்கும் நல்லதில்லை என்றார். குழந்தைக்கு நல்லதில்லை என்பதை அவர் சொன்ன தணிந்த குரலில், எனக்குத் தெரிந்த நகைச்சுவை எல்லாம் அந்த அறையிலேயே நின்றுவிட்டது.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"நைனா, இஸ்கூல் செவுத்துக்குப் பின்னால ஒண்ணு மொளைக்குமே. நெத்தில வெச்சி சொடக்கு உடுவோம். அத்த துன்னா நிக்கும்னு தோணுது."

சொடக்குத் தக்காளி. மழைக்குப் பிறகு கட்டடக் குப்பையிலும் வேலியோரத்திலும் தானாக முளைக்கும் முழங்கால் உயரச் செடி. பழம் குண்டுமணியைவிடக் கொஞ்சம் பெரிது. அதைச் சுற்றிக் காகிதத்தில் செய்த கூண்டு போல ஓர் உறை. உறையை ஊதினாற்போல் பிடித்து நெற்றியில் அடித்தால் 'டப்' என்று வெடிக்கும். உறை பச்சையாக இருக்கும்வரை பழத்தைத் தொடக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும். உறை காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்து, உள்ளே மஞ்சளாகத் தெரிந்தால் புளிப்பும் இனிப்புமாக இருக்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். எங்கே கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை. அவள் சொன்ன பள்ளிச் சுவருக்குப் பின்னால் இப்போது கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன.

பணக்கார ஏரியாவில் ஒரு பெரிய கடையில் இதன் சீமைப் பங்காளி பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது. வாங்கி வந்தேன். மகள் மூடியைத் திறந்தாள், பிரிட்ஜ் வாசனை என்றாள், வாளி.

அப்போதுதான் என் தோஸ்தைக் கூப்பிட்டேன். பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பழைய இரும்பு வாங்கி விற்பவன். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் படித்துத் தேறாமல் போனவர்கள். விஷயத்தைச் சொன்னதும் கடையை மூடிவிட்டு வண்டியோடு வந்து நின்றான். "நம்ப பொண்ணு கேட்டுது, பூந்து எட்த்தாருவோம் மாமு" என்றான். அவன் வண்டியில் பின்னால் உட்காருவதே ஒரு வேண்டுதல் போலத்தான். எனக்கு அன்றைக்கு வேறு வேண்டுதலும் இல்லை.

பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில்வே வேலியோரத்தில் அவன்தான் முதலில் பார்த்தான். அதே காகித உறை. கிழித்தால் உள்ளே ரத்தச் சிவப்பாக ஒரு பழம். அவன் கை நிறையப் பறித்துவிட்டான். நான் புத்தகத்தின் உபதேசப்படி காம்பைப் பார்த்தேன். கொத்தாகத் தண்டோடு ஒட்டியிருந்தது. சொடக்குத் தக்காளி தனித்தனியாகத் தொங்கும். இலையில் சாம்பல் நிறச் சுணை. இது அமுக்கரா. இதன் வேரை நாட்டு மருந்துக் கடையில் விற்பார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பவள் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது என்பார்கள். எல்லாவற்றையும் கொட்டச் சொன்னேன். என் தோஸ்து உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டான். நான் அவனுக்குக் கொடுத்த விளக்கம் தேவைக்குமேல் நீளமானது. பனிநாட்டுக் காட்டையும் பேசின் பிரிட்ஜையும் இணைத்து ஒரு சிறிய சொற்பொழிவு. அவன் கடைசியில், "சர்தான் மாமு, ஏறு" என்றான்.

சாத்தாங்காட்டில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு செடி இருந்தது. பழம் எல்லாம் பச்சை. அங்கிருந்து வடக்கே போனோம். எண்ணூர்ப் பக்கம், எந்த இடம் என்று சொல்ல வேண்டாம், யாருக்கும் சொந்தமில்லாதது போல் கிடந்த ஒரு மேடு. அதில் ஒரு வயல் மாதிரி விளைந்து கிடந்தது சொடக்குத் தக்காளி. இடுப்புயரம். வைக்கோல் நிற உறைகள் காற்றில் சலசலத்தன. தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தன. பள்ளிக்கூட நாட்களில்கூட நான் இவ்வளவு பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தேன். பறிப்பதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்தேன். நாங்கள் எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்துத்தான் முடிவு செய்வோம். துணி காயப்போடுவதா, வடாம் வைப்பதா, ஜன்னலைத் திறப்பதா எதுவானாலும் சிம்னி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று ஒரு பார்வை. எங்களுக்குக் கெடுதல் என்பது மேலிருந்து வந்து விழுவது. மொட்டை மாடியில் படியும் கறுப்பு, தட்டில் விழும் தூள். துடைத்தால் போய்விடும், போகாவிட்டால் இரண்டு முறை துடைப்போம். அன்றைக்குப் புகை கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதுவுமில்லாமல் இந்தப் பழத்துக்கு உறை இருக்கிறது. என்ன விழுந்தாலும் உறைமேல்தான் விழும். உரித்தால் உள்ளே சுத்தம். இதை என் தோஸ்திடம் எடுத்துச் சொன்னேன்.

"நம்ப ஊர்ல ரெயின்கோட்டோட பொறந்த பழம் இது ஒண்ணுதான் மாமு" என்றான் அவன்.

டிபன் டப்பா நிறையப் பறித்தோம். தொடர்ந்து வேண்டுமே என்று ஒரு செடியை வேரோடு பிடுங்கி, அடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டேன். வீட்டில் தொட்டியில் வைத்து வளர்க்கலாம் என்று.

மகள் டப்பாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு பழத்தை எடுத்து, உறையைப் பிடித்து, என் நெற்றியில் அடித்தாள். டப். அந்த வீட்டில் பல நாளாக வாந்திச் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்டதில்லை. உரித்தாள், வாயில் போட்டாள். என் மனைவி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். வாளி தயாராக இருந்தது. தொண்டை அசைந்தது. இறங்கியது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு இன்னொன்று எடுத்தாள். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் ரொம்பப் பெரிய மனிதனாகிப் பின்பக்கம் போனேன். தொட்டியில் மண் நிரப்பினேன். பையைப் பிரித்து, செடியின் வேரில் இருந்த கட்டியை உடைத்தேன்.

சாம்பல். வெளியே சாம்பல், அதற்குள்ளும் சாம்பல். மண் ஒட்டியிருக்கும், மேலே மட்டும் பூச்சாக இருக்கும் என்று நினைத்து விரலால் குடைந்தேன். குழைத்த சிமெண்டு மாதிரி விரலில் அப்பிக்கொண்டது. நாங்கள் மேடு என்று நினைத்து ஏறிய அந்த இடத்தில் மண் என்பதே இல்லை. அனல்மின் நிலையம் எத்தனையோ வருஷமாகக் கொட்டிய சாம்பலின் மேல் மழை பெய்து, அதில் இது முளைத்து, அதைக் குடித்துக் காய்த்திருக்கிறது. செடி வேரால் உறிஞ்சும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். ரெயின்கோட்டு காலுக்குக் கிடையாது.

உள்ளே போனேன். மகள் கையிலிருந்த டப்பாவை வாங்கினேன். வாங்கினேன் என்றா சொன்னேன்? பிடுங்கினேன்.

என் மனைவி ஓடி வந்தாள். "இன்னாய்யா பண்ற நீ? இப்பதான் ஒரு வாய் உள்ள போச்சி. அதுகூட பொறுக்கலியா உனுக்கு?"

சாம்பல் அப்பிய கையைக் காட்டினேன். வேரைக் கொண்டுவந்து காட்டினேன். புரிந்ததும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மகள் மட்டும் அசையவில்லை. "இது இன்னா புச்சா நைனா?" என்றாள். "நான் பொறந்ததுலேர்ந்து இத்தத்தானே துன்னுகினு கீறேன்."

"நீ துன்ன. அது துன்னலியே" என்றேன், அவள் வயிற்றைப் பார்த்து.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டப்பாவைக் குப்பையில் கொட்டும்போது உறைகள் சலசலத்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். சாயங்காலம் தண்ணீர்கூட நிற்கவில்லை. தின்ற அந்தச் சில பழங்கள் என்ன செய்யும் என்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். அவ்வளவு கொஞ்சத்தில் ஒன்றும் ஆகாது, இனிமேல் கொடுக்காதீர்கள் என்றார். வேறு என்ன உள்ளே போகிறது என்று கேட்டார். நான் லைன் சரியில்லை என்றேன்.

மறுநாளிலிருந்து நானும் என் தோஸ்தும் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டோம். செடியைக் கண்டால் முதலில் பிடுங்கி வேரைப் பார்த்தோம். வாய்க்காலோரத்தில் வேரெல்லாம் கறுப்பு எண்ணெய். பழைய கம்பெனிச் சுவரோரத்தில் ஏதோ மஞ்சள் தூள். தொட்ட விரல் எரிந்தது. இரும்பு மார்க்கெட் பக்கம் வேரோடு வேராகத் துருப்பிடித்த கம்பிச் சுருள். ராயபுரத்தில் ஒரு பாழ்மனையில் நல்ல மண் போலத் தெரிந்தது. கிளறினால் நிலக்கரித் துகள். பழத்தை அடையாளம் காண ஒரு புத்தகமே இருக்கிறது. இந்தத் தரையை அடையாளம் காண இருக்கிறதா? அந்தப் புத்தகக்காரர் பாவம், காடு என்றால் கீழே மண் இருக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறார்.

சனிக்கிழமை போயிற்று. ஞாயிறு காலையும் போயிற்று. தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, என் தோஸ்து டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான். பொன்னேரி தாண்டிப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். போன வாரம் ஒரு சாவுக்குப் போனேன், வழியெல்லாம் வயலில் மருந்து அடித்து ஒரு புல்கூட இல்லை என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"எந்நேரமும் தோண்டிப் பொரட்டிகினே கீற மண்ணு, நம்ப பக்கம் ஒரு எடத்துலதான் மாமு கீது."

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவனுடைய பள்ளிவாசல் கபர்ஸ்தானில் இருந்த செடியை ஆடு மேய்ந்துவிட்டதாக மட்டும் சொன்னான். அப்படியென்றால் அங்கே அவன் ஏற்கெனவே போய்ப் பார்த்திருக்கிறான்.

மூலக்கொத்தளம் சுடுகாட்டு மதிலோரம் வண்டியை நிறுத்தினோம். மகளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்ததிலிருந்து என் மனைவி அவளை அந்தத் தெரு வழியாக அழைத்துப் போவதையே விட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோக்காரரிடம் சுற்றிப் போகச் சொல்லி, அதற்காகச் சண்டையும் போட்டவள். அந்த மதிலுக்குள் நான் டிபன் டப்பாவோடு நுழைந்தேன்.

உள்ளே ஒரு பக்கம் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மதிலோரம், பழைய மேடுகளுக்கு நடுவில், செடிகள் இருந்தன. எண்ணூரில் பார்த்தது மாதிரி கொழுத்தவை அல்ல. முழங்கால் உயரம், ஆங்காங்கே காய்ந்த உறை. ஒன்றைப் பிடுங்கினேன். வேரில் செம்மண். உடைத்தேன். உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது. எனக்கு அதைக் கும்பிடத் தோன்றியது. என் தோஸ்து மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினான். மழை வாசனை.

என் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். எந்த இடம் என்று இப்போது சொல்ல முடியாது. அவர்மேல் வேறு பலர் படுத்தாகிவிட்டது. துறைமுகத்தில் ஆயுசு முழுக்க நிலக்கரி இறக்கியவர். கடைசிக் காலத்தில் இருமினால் கைக்குட்டையில் கறுப்பாக வரும். இந்த மண்ணில் படுத்திருக்கும் எல்லோருமே எங்கள் ஊர்க் காற்றை மூச்சுவிட்டு, எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்கள்தானே என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையை அப்படியே நிறுத்தினேன். மண்புழு இருக்கிறது. எனக்கு அது போதும் என்று சொல்லிக்கொண்டேன். வெளியே மேளம் நெருங்கி வந்தது. சவம் உள்ளே வருவதற்குள் பறித்து முடித்தோம். குழி வெட்டுபவர் எங்களைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மறுபடி மண்வெட்டியை ஓங்கினார். அந்த இடத்தில் எதற்கும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை போலிருக்கிறது.

வரும் வழியெல்லாம் பொய் தயார் செய்தேன். மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு என்று நல்ல நல்ல ஊராக யோசித்து வைத்திருந்தேன். வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லா ஊரும் மறந்துபோயிற்று.

"மூலக்கொத்தளம்."

அங்கே வீடுகளும்தான் இருக்கின்றன. அவள் அத்தோடு விட்டிருக்கலாம். "உள்ளயா?" என்றாள்.

"உள்ளதான். மண்ணு நல்லா கீது. புழு கீது."

அவள் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மகள் காய்ந்த வயிற்றோடு ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வர எதுவும் இல்லாத வாந்தி. அதைக் கேட்பதைவிட மோசம் எதுவும் இல்லை. என் மனைவி வாசற்படியைத் தாண்டவிடாமல் கையைக் குறுக்கே வைத்தாள். முடிந்தது, கொட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்டியே நில்லு" என்றாள். "மொதல்ல நீ தலைக்கு ஊத்திக்க. அப்பால அதுக்கும் ஊத்தறேன்."

சாவுக்குப் போய் வந்தவன் போல வாசலிலேயே எனக்கு ஒரு குடம் தண்ணீர். பிறகு டப்பாவைப் படியில் வைத்து, மூடியைத் திறந்து, மஞ்சள் கரைத்த தண்ணீரைப் பழங்களின் தலையில் நிதானமாக ஊற்றினாள். சாவுத் தீட்டு கழிந்த சொந்தக்காரர்கள் போலப் பழங்கள் ஈரத்தோடு உள்ளே போயின. என் தோஸ்து தெருவிலேயே நின்று, கேட்காமலே தன் கால்களை நீட்டினான், அவனுக்கும் ஊற்றினாள்.

மகள் உறையை உரித்துக்கொண்டே எங்கே கிடைத்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"உங்க தாத்தா குட்த்தனுப்னாரு. துன்னு."

அப்பா உயிரோடிருந்தவரை யாருக்கும் எதையும் கொடுத்தனுப்பியவர் அல்ல. மகளுக்கும் அது தெரியும். அவள் என் ஈரத் தலையைப் பார்த்தாள், தன் அம்மாவின் மஞ்சள் கையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். நான் தலையிலிருந்து சொட்டச் சொட்ட, வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாளி தேவைப்படவில்லை. இன்னொரு பழம். அப்புறம் ஒரு மடக்குத் தண்ணீர். அதுவும் நின்றது.

திங்கட்கிழமை எடை ஏறவில்லை. இறங்கவும் இல்லை. டாக்டரம்மா, சேர்க்க வேண்டாம், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பழம் என்றாள் என் மனைவி. நல்லது, என்ன பழம் என்றார். நாட்டுப் பழம் என்றாள். எந்தக் கடையில் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று நாங்கள் மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டப்பாவில் இருந்தது அன்று காலையோடு தீர்ந்துவிட்டது. வெயில் ஏற ஏறச் செடிகள் காய்ந்துகொண்டு வருகின்றன. ஆஸ்பத்திரி வாசலில் என் தோஸ்து வண்டியை அணைக்காமல் காத்திருந்தான். அடுத்த ஊர்வலம் உள்ளே வருவதற்குள் நாங்கள் போய்ப் பறித்தாக வேண்டும்.